எவ்ளோ வெயிட்டு ஏத்துவ?

2023 டிசம்பர் 4, திங்கட்கிழமை. மிக்ஜாம் புயல் கடலில் நின்றுகொண்டு விடாமல் ஊற்றிக்கொண்டிருந்தது. மின்சார ரயில் ஓடவில்லை. கவரைப்பேட்டையில் எங்கள் தெருவில் முழங்காலளவு தண்ணீர். திங்களும் வியாழனும் நைனாவுக்கு டயாலிசிஸ். (எங்கள் பக்கத்தில் நிறைய வீடுகளில் அப்பா கிடையாது, நைனாதான்.) இன்றைக்கு விட்டால் வியாழன் வரை தாங்குவது கஷ்டம் என்று நர்ஸ் போனில் சொல்லிவிட்டார். வழக்கமாக வரும் டாக்சிக்காரர் போனை எடுக்கவில்லை.

ஜிப்ஸியை எடுத்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அந்த நேரத்தில் மனசுக்குள் கொஞ்சம் சந்தோஷம் இருந்தது. எதற்கு இந்த வண்டி, எதற்கு இந்த உயரம் என்று வீட்டில் இரண்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம் பதில் சொல்லும் நாள் வந்துவிட்டது. ஃபோர் வீலைப் போட்டு, முதல் கியரில், தெருத் தண்ணீரை இரண்டாகப் பிளந்துகொண்டு ஜிஎன்டி ரோட்டுக்கு ஏறினேன். வழியில் கார்கள் பானெட்டைத் திறந்துகொண்டு நின்றிருந்தன. நாங்கள் போய்ச் சேர்ந்தோம். மூன்று மணி நேரம் போட்டு அனுப்பினார்கள். திரும்பியும் வந்தோம்.

வாசலில் இறங்கிய நைனா சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். அப்புறம் சொன்னார். “தண்ணியத் தாண்டிட்டடா. என் முதுகுதான் இன்னும் அந்தப் பக்கமே நிக்குது.”

அதற்குப் பிறகு ஜிப்ஸியில் ஏற மாட்டேன் என்றுவிட்டார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. சிறுநீரகம் கெட்டால் எலும்பும் தளர்ந்துபோகும். இடது கையில் ஃபிஸ்டுலா போட்டிருக்கிறது, அந்தக் கையால் எதையும் அழுத்திப் பிடிக்கக் கூடாது. டிரைவருக்குப் பக்கத்து சீட்டு நம் ஊரில் இடது பக்கம். ஏற வேண்டுமென்றால் வலது கையை நீட்டி டேஷ்போர்டு கம்பியைப் பிடித்து, ஒரே கையில் தன்னைத் தூக்கிக்கொள்ள வேண்டும். அந்த உயரத்தில் ஐந்து சென்டிமீட்டர் நான் காசு கொடுத்துக் கூட்டியது.

வண்டி 2012 மாடல் மாருதி ஜிப்ஸி, 2021இல் செகண்ட் ஹாண்டில் வாங்கினேன். 1985இலிருந்து 2019 வரை அடிப்படை மாறாமல் ஓடிய வண்டி அது. நான்கு சக்கரத்துக்கும் பட்டை ஸ்பிரிங். ஆர்மிக்காரர்கள் ஆளும் சாமானும் ஏற்றுவதற்கு ஏற்ற வண்டி. பின்னால் பாரம் இருந்தால் ஒழுங்காகப் போகும், காலியாகப் போனால் குதிக்கும். ஜிப்ஸி வைத்திருக்கிற எல்லோருக்கும் இது தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்தேதான் 2022இல் அதைவிட முரட்டுப் பட்டையாகப் பார்த்து மாட்டினேன். இரண்டு இஞ்ச் லிஃப்ட் கிட், நான்கு செட் பட்டை, நீளமான ஷாக் அப்சர்பர், எல்லாம் சேர்த்து நாற்பதாயிரத்துக்குக் கொஞ்சம் மேலே.

வாங்கும்போது ஒரு கேள்வி கேட்டார்கள். பின்னால் எப்போதும் இருக்கும் சுமை எவ்வளவு? லைட், மீடியம், ஹெவி, மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆஸ்திரேலியாக்காரர்கள் ஆரம்பித்து வைத்த வழக்கம் என்று நினைக்கிறேன். அவர்கள் பாலைவனத்தில் நாள்கணக்காகத் தண்ணீர், டீசல், கூடாரம், ஃபிரிட்ஜ் என்று சுமந்துகொண்டு போகிறவர்கள், அவர்களுக்கு அது நியாயமான கேள்வி. நான் ஹெவி என்று சொன்னேன். அப்போது என் கண் முன்னால் லடாக் இருந்தது. கூரை மேல் கேரியர், பின்னால் இரண்டு ஜெர்ரி கேன், டென்ட், ஸ்பேர் வீல் இரண்டு. லடாக் நான் இன்னும் போகவில்லை. பழவேற்காடு மணலுக்கு ஒரு தடவை, சத்தியவேடு தாண்டி மலையடிவார மண்ரோட்டில் மூன்று தடவை. ஒரு வருஷத்தில் அவ்வளவுதான். டயாலிசிஸ் வருஷத்துக்கு 104 நடை.

நான் மெக்கானிக்கல் படித்தவன் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். டிசைன் ஆஃப் மெஷின் எலிமெண்ட்ஸ் பேப்பரில் ஸ்பிரிங்குக்கு ஒரு யூனிட்டே இருக்கும். பிஎஸ்ஜி டேட்டா புக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பதினாறு மார்க் கணக்கு போட்டிருக்கிறேன். அந்தக் கணக்குகளில் எடை முதல் வரியிலேயே கொடுக்கப்பட்டிருக்கும். அது எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்டதில்லை.

டிசம்பர் முடிந்து ஜனவரியும் டாக்சியில் போனது. மாதம் எட்டு, ஒன்பது நடை. மனைவி ஒரு நாள் சாதாரணமாகக் கேட்டாள், “அத வித்துட்டு ஒரு பழைய ஆல்ட்டோ வாங்கினா என்ன?” நியாயமான கேள்வி, இன்றைக்கும் என்னிடம் சரியான பதில் இல்லை. லோன் பாக்கி, விற்றால் பாதி விலை என்று ஏதேதோ சொன்னேன். உண்மை என்னவென்றால் எனக்கு விற்க மனசு வரவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை செங்குன்றத்துக்கு இந்தப் பக்கம் ஜிஎன்டி ரோட்டில் இருக்கும் ஒரு ஸ்பிரிங் பட்டறைக்குப் போனேன். லாரிகளுக்குப் பட்டை மாற்றும் இடம். நடத்துகிற பாய்க்கு அறுபது வயதிருக்கும். நைனா விஷயத்தைச் சொல்லி, வண்டி மெத்தென்று போக என்ன செய்யலாம் என்று கேட்டேன். அவர் குனிந்து பின்பக்கம் பார்த்தார். வெர்னியர் எடுத்து ஒவ்வொரு பட்டையின் தடிமனையும் அளந்தார்.

“இது கல்லு ஏத்துற வண்டிக்குப் போடுறது தம்பி. நீ எவ்ளோ வெயிட்டு ஏத்துவ?”

“பாத்தீங்கன்னா பாய், சாதாரணமா ரெண்டு பேரு, சில சமயம்...”

“ஆள் கணக்கு வாணாம். கிலோ சொல்லு.”

தெரியவில்லை. எடை பார்த்துக்கொண்டு வா என்று அனுப்பிவிட்டார்.

இராத்திரி சாப்பிடும்போது இதைச் சொன்னேன். அதுவரை என் பக்கம் திரும்பாமல் டிவி பார்த்துக்கொண்டிருந்த நைனா சத்தத்தைக் குறைத்தார். “கரெக்டாத்தான் கேட்டிருக்காரு” என்றார்.

நைனா கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு இரும்பு மில்லில் இருபத்தாறு வருஷம் எடை மேடையில் இருந்தவர். லாரி காலியாக ஏறும், டேர். லோடு ஏற்றிக்கொண்டு ஏறும், கிராஸ். கழித்தால் நெட். ஒரு நாளைக்கு எத்தனையோ சீட்டு. டிரைவர் மேடை மேலேயே நின்றுகொண்டு டேர் எடையைக் கூட்டுவது, டேரில் தொட்டி நிறையத் தண்ணீர் வைத்துவிட்டு லோடு ஏற்றும்போது திறந்துவிடுவது என்று எல்லாத் திருட்டும் அவருக்குத் தெரியும். டயாலிசிஸ் ஆரம்பித்த பிறகு டாக்டர் ‘ட்ரை வெயிட்’ என்று ஒன்றைச் சொன்னார். உடம்பில் மிச்சமாகத் தேங்கிய தண்ணீர் எல்லாம் எடுத்த பிறகு இருக்க வேண்டிய எடை. ஒவ்வொரு தடவையும் படுக்குமுன் ஒரு எடை, எழுந்த பிறகு ஒரு எடை. எங்களுக்கு விளக்கத்தான் நேரமானது, நைனாவுக்கு ஒரு நொடியில் புரிந்துவிட்டது. “அதாவது என் டேரு.” அவர் டேர் 54.5. திங்கட்கிழமை காலையில் 57க்குப் பக்கத்தில் இருப்பார். ஒரு அரைக்குயர் நோட்டில் தேதி போட்டு மூன்று பத்தியாக எழுதி வைத்திருக்கிறார், மில்லில் எழுதிய அதே கையெழுத்தில்.

மறுநாள் காலையில் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். “எடை பாக்கத்தானே? வரேன்.” ஏறுவதற்கு அம்மா ஒரு முக்காலி கொண்டுவந்து வைத்தாள்.

எங்கள் ஊரைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குத் தெரிந்ததெல்லாம் 2024 அக்டோபரில் பாக்மதி எக்ஸ்பிரஸ் நின்றுகொண்டிருந்த சரக்கு ரயிலில் மோதியது மட்டும்தான். எங்களைக் கேட்டால் எடை மேடை என்போம். சிப்காட், இரும்பு, லாரி, ஆகவே பெரிய ரோட்டோரம் எங்கே பார்த்தாலும் எடை மேடை. மேடைக்கார பையன் நைனாவைப் பார்த்ததும் எழுந்து நின்றான். நைனா வண்டியிலிருந்து இறங்காமலே உத்தரவு போட்டார். முதலில் முன்சக்கரம் மட்டும் மேடையில், பின்சக்கரம் வெளியே. இன்ஜினை நிறுத்து. நியூட்ரல். ஹேண்ட் பிரேக்கை விடு, பிடித்திருந்தால் எடை தப்பாகக் காட்டும். அப்புறம் முழு வண்டி. அப்புறம் பின்சக்கரம் மட்டும். பிறகு நாங்கள் இருவரும் இறங்கிக்கொண்டு, பையனை வைத்து வண்டியைத் தள்ளி, அதே மூன்றும்.

காலி வண்டி 1,090 கிலோ. முன்னால் 600, பின்னால் 490. நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்தால் 1,220. முன்னால் 660, பின்னால் 560. சாஃப்ட் டாப் ஜிப்ஸிக்குக் கம்பெனி சொன்ன காலி எடை 985. மிச்ச நூறு கிலோ நான் மாட்டிய இரும்பு பம்பர், வின்ச், பெரிய டயர். அதிலும் பெரும்பங்கு முன்னால். பின்னால் நான் கற்பனை செய்திருந்த ஹெவி லோடுக்குப் பதிலாக ஒரு ஸ்டெப்னி, ஒரு தண்ணீர்க் கேன், நைனாவின் பை. மேடை பத்துப் பத்து கிலோவாகத்தான் காட்டும். “என் ரெண்டரைக் கிலோ தண்ணியெல்லாம் இதுல தெரியாது” என்றார் நைனா.

எடை கிடைத்துவிட்டது, இனி பட்டை எவ்வளவு விறைப்பு என்று தெரிய வேண்டும். ராபர்ட் ஹூக் 1676இல் தன் கண்டுபிடிப்பை யாரும் திருடிவிடக் கூடாதென்று எழுத்துகளைக் கலைத்துப்போட்டு விடுகதையாக வெளியிட்டார், 1678இல்தான் விடையைச் சொன்னார். எடை இரண்டு மடங்கானால் ஸ்பிரிங் நகர்வதும் இரண்டு மடங்கு. பள்ளிக்கூடத்தில் சுருள்வில் மாறிலி என்று படித்தோமே, அதுதான். அதைக் கண்டுபிடிக்க லேப் வேண்டாம். பக்கத்தில் வீடு கட்டுகிறவரிடம் நான்கு மூட்டை சிமெண்ட் இரவல் வாங்கினேன். மூட்டை ஐம்பது கிலோ. பின் அச்சுக்கு நேர் மேலே நான்கையும் அடுக்கி, சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை முன்னும் பின்னும் அளந்தேன். 2.8 சென்டிமீட்டர் இறங்கியிருந்தது. இரண்டு பக்கத்துக்கு 200 கிலோ, ஒரு பக்கத்துக்கு 100. ஆக, ஒரு சென்டிமீட்டர் அமுங்க ஏறக்குறைய 36 கிலோ வேண்டும்.

இங்கேதான் கணக்கு சுவாரஸ்யமாகிறது. பின் அச்சில் இருக்கும் 560 கிலோவில் அச்சு, சக்கரம், டயர் எல்லாம் ஸ்பிரிங்குக்குக் கீழே இருக்கும் எடை, தோராயமாக 110. அதைக் கழித்தால் 450. பக்கத்துக்கு 225. அதை 36ஆல் வகுத்தால் ஆறேகால் சென்டிமீட்டர். அதாவது நாங்கள் இரண்டு பேரும் ஏறி உட்கார்ந்திருக்கும்போது அந்த ஸ்பிரிங் அமுங்கி நிற்பது மொத்தமே ஆறேகால் சென்டிமீட்டர்தான். இதன் வர்க்கமூலம் இரண்டரை. ஐந்தை அதால் வகுத்தால் இரண்டு. ஒரு குலுங்கலுக்குப் பிறகு வண்டியின் பின்பக்கம் நொடிக்கு எத்தனை முறை ஏறி இறங்கும் என்பதற்கு இது குறுக்கு வழி, பரீட்சையில் மார்க் கிடைக்காது, ஆனால் விடை சரியாக வரும். சாதாரணக் கார்கள் நொடிக்கு ஒன்று, ஒன்றேகால், மிஞ்சிப்போனால் ஒன்றரை. என் வண்டி இரண்டு. காலியாகப் போகும் லாரி மாதிரி.

நைனாவிடம் காட்டினேன். நோட்டை மூக்குக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார். “எங்க தாத்தாகிட்ட இருந்தது கட்டை வண்டி. ஊர்ப் பெரியவர்கிட்ட வில்வண்டி. அது தூரத்துல வர்றப்பவே தெரியும், ஆளுங்க தலை ஆடாது. நீ நாப்பதாயிரம் குடுத்து வில்லக் கட்டையாக்கி வெச்சிருக்க.”

உயரம் வேறு, விறைப்பு வேறு என்பது இந்த விஷயத்தில் நிறைய பேர் குழப்பிக்கொள்ளும் இடம். நானும் குழம்பியவன்தான். பட்டையை அதிகம் வளைத்தால் வண்டி உயரும், விறைப்பு பெரிதாக மாறாது. பட்டைக்கும் சேஸிஸுக்கும் நடுவே இருக்கும் ஷேக்கிளை நீளமாக்கினாலும் உயரும், கூட்டிய நீளத்தில் பாதி அளவுக்கு, ஆனால் முன்னால் செய்தால் ஸ்டியரிங் தானாக நேராவது குறையும். தடிமனைக் கூட்டினால் மட்டும் விஷயமே வேறு. பட்டையின் விறைப்பு தடிமனின் மூன்றாம் அடுக்கில் ஏறும். ஆறு மில்லிமீட்டர் பட்டைக்குப் பதில் ஏழு மில்லிமீட்டர் வைத்தால் அது ஒரு மில்லிமீட்டர் விஷயம் போலத் தெரியும், விறைப்பு ஒன்றரை மடங்குக்கும் மேலே போய்விடும்.

ஆஃப் ரோடுக்கு விறைப்பான ஸ்பிரிங்தான் வேண்டும் என்பதும் அப்படி ஒரு நம்பிக்கை. சத்தியவேடு பக்கம் ஒரு ஓடைக் கரையில் என் வண்டியின் பின்சக்கரம் ஒன்று அந்தரத்தில் தொங்கிக்கொண்டு வெறுமனே சுற்றியதை போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைத்திருக்கிறேன். நிறைய ஹார்ட் வந்தது. சாதாரண டிஃபரன்ஷியலில் அந்தரத்தில் இருக்கும் சக்கரம் சுற்றினால் மண்ணில் இருக்கும் சக்கரத்துக்கு இழுவை போகாது. மெதுவான ஸ்பிரிங்காக இருந்திருந்தால் சக்கரம் கீழே இறங்கி மண்ணைத் தொட்டிருக்கும், வண்டி ஏறியிருக்கும். நான் பெருமையாகப் போட்ட படம் என் ஸ்பிரிங் தப்பு என்பதற்கான சாட்சி. நைனாவின் முதுகும் அந்த ஓடைக் கரையும் என்னிடம் ஒரே விஷயத்தைத்தான் கேட்டிருக்கின்றன.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவை வைத்து உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில், கேரளாவிலிருந்து போன ஒரு வழக்கில், கம்பெனி கொடுத்த வடிவத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று தீர்ப்பு சொன்னது. என் பம்பரும் பெரிய டயரும் அதற்கு முன்னால் நிமிர்ந்து நிற்க முடியாது. பம்பரைக் கழற்றிவிட்டேன். டயர் தேயட்டும் என்று இருக்கிறேன். இது வீரமான நிலைப்பாடு இல்லை என்று தெரியும்.

பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை, டயாலிசிஸ் முடிந்து வருகிற வழியில் பட்டறையில் நிறுத்தினோம். நைனாவும் கூட இருந்தார். அன்றைக்கு அவர் 54.8. பாய் எடைச் சீட்டுகளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முன், பின், காலி, ஆளோடு என்று தனித்தனியாக இருந்ததைப் பார்த்து, “யாரு எடுத்தது இது?” என்றார். நைனா தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். அதற்குப் பிறகு பாய் என்னிடம் பேசவே இல்லை, எல்லாப் பேச்சும் அவர்கள் இரண்டு பேருக்குள்தான்.

ஜாக்கி போட்டு, யூ போல்ட்டைக் கழற்றி, இரண்டு பக்கமும் இறக்கினார்கள். பாய் ஒவ்வொரு பட்டையாகத் தொங்கவிட்டுச் சுத்தியலால் தட்டினார். நல்ல பட்டை கோயில் மணி மாதிரி நின்று ஒலிக்கும், விரிசல் விட்டது செத்த சத்தம் போடும். எங்களுடையது எல்லாமே ஒலித்தது. ஒரு பக்கத்துக்கு ஆறு. மெயின் பட்டையையும் அதற்கு அடுத்ததையும் தொடவே கூடாது என்றார் பாய், மெயின் உடைந்தால் அச்சைப் பிடித்து வைப்பது அந்த இரண்டாவதுதான். நான்காவதை எடுத்தார். மூன்றாவதுக்குப் பதில் மெலிதான ஒன்றைப் பொருத்தினார். பட்டைகளுக்கு நடுவில் இருந்த துருவைச் சுரண்டி, கிராஃபைட் கிரீஸ் தடவினார். பட்டைகள் ஒன்றின் மேல் ஒன்று வழுக்க முடியாமல் இறுகியிருந்தால் சின்னக் குலுக்கலுக்கு ஸ்பிரிங் வேலையே செய்யாது, முழுக் கட்டை மாதிரி நிற்கும். இத்தனை நாள் பாதிக் கொடுமை அந்தத் துருவினால் என்று எனக்குச் சந்தேகம்.

ஒரு இடத்தில் நான் வாயைத் திறந்தேன். உயரம் குறையுமே, பட்டையைச் சூடாக்கி இன்னும் கொஞ்சம் வளைத்துக் கொடுக்க முடியுமா என்று கேட்டேன். பாய் நைனாவைப் பார்த்தார். நைனா, “அவன் படிச்சவன்” என்றார். சும்மா அடுப்பில் சூடாக்கி வளைத்தால் எஃகின் பதம் போய்விடும், திரும்ப எண்ணெயில் தோய்த்துப் பதம் ஏற்ற வேண்டும், அதையும் கவனமாகச் செய்யாவிட்டால் ஒரு நாள் ஸ்பீடு பிரேக்கரில் பட்டென்று போகும். இதெல்லாம் நான் மெட்டலர்ஜி பேப்பரில் எழுதிய விஷயம்தான்.

வீட்டுக்கு வந்து அதே நான்கு மூட்டையை ஏற்றி அளந்தேன். நான்கு சென்டிமீட்டர் இறங்கியது. சென்டிமீட்டருக்கு 25 கிலோ. 225ஐ 25ஆல் வகுத்தால் ஒன்பது, வர்க்கமூலம் மூன்று, ஐந்தை மூன்றால் வகுத்தால் ஒன்றே முக்காலுக்குக் கொஞ்சம் கீழே. உயரத்தில் இரண்டே முக்கால் சென்டிமீட்டர் போய்விட்டது, நான் வாங்கிய இரண்டு இஞ்சில் ஒரு இஞ்சுக்கு மேல். வண்டி பின்பக்கம் லேசாகத் தாழ்ந்து மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. ஹெட்லைட் எதிரே வருகிறவர் கண்ணில் அடித்ததால் திருகைத் திருப்பி இறக்க வேண்டியிருந்தது. நண்பர்கள் என்ன மச்சி பஞ்சரா என்கிறார்கள்.

எடுத்த பட்டைகள் நான்கையும் பாய் கையில் கொடுத்துவிட்டார். லாரிப் பட்டை கிடைத்தால் கொல்லர்கள் விட மாட்டார்கள், நல்ல அரிவாள் அதில்தான் வரும். ஒன்றை அம்மா கொடுத்து அரிவாள்மனை அடித்து வாங்கினாள். தேங்காய்க் கீற்று வெண்ணெய் மாதிரி இறங்குகிறது என்கிறாள், ஆனால் தூக்க முடியாத கனம். இன்னொன்று கதவுக்கு முட்டு.

அடுத்த திங்கட்கிழமை முக்காலி போட்டு நைனா ஏறினார். கவரைப்பேட்டையிலிருந்து நல்லூர் டோல்கேட் வரை ஒன்றும் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. ஒரு ஸ்பீடு பிரேக்கரில் வேண்டுமென்றே கொஞ்சம் வேகமாக ஏறினேன். வண்டி எழும்பியது, இறங்கியது, இன்னொரு தடவை லேசாக ஆடி அடங்கியது. ஷாக் அப்சர்பர் இன்னும் பழைய பட்டைக்கு ஏற்ற முரட்டு ஷாக் அப்சர்பர்தான். அதையும் மாற்ற வேண்டும்.

“இப்ப எப்படி நைனா? வில்வண்டி மாதிரி இருக்கா?”

யோசித்தார். “கட்டை வண்டிக்கும் வில்வண்டிக்கும் நடுவுல இருக்கு. இன்னும் ஒரு பட்டைய எடுக்க முடியுமான்னு பாய்கிட்ட கேளு.”

கேட்டாயிற்று, கணக்கும் போட்டாயிற்று. அம்மா, மனைவி, பாப்பா மூன்று பேரும் பின்னால் ஏறினால் ஸ்பிரிங் இன்னும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் அமுங்கும். அப்போது பம்ப் ஸ்டாப் ரப்பருக்கு மிச்சம் இருக்கும் இடைவெளி கொஞ்சம்தான், இன்னொரு பட்டையை எடுத்தால் பள்ளத்துக்குப் பள்ளம் அச்சு போய் ரப்பரில் இடிக்கும் என்று சொன்னேன்.

நைனா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“அவங்கள பஸ்ஸுல வரச் சொல்லு” என்றார்.